4174 வகுப்புக்கு வந்த வாத்தியார்

அத்தியாயம் 6

செண்பகம் துப்பறியும் நிலையம் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு நாஷ்டாக் கடையின் மாடியில் இருந்தது. காலை வேளையில் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் இட்லி கேட்டுத்தான் வருவார்கள். அவர்களைக் கீழே திருப்பி அனுப்புவதும் லோகுவின் உத்தியோகத்தில் சேர்த்தி. அந்த வெள்ளிக்கிழமை வந்த பெண்ணையும் அவன் அப்படித்தான் நினைத்தான்.

“கீய போ பாப்பா. லேட் பண்ணா பொங்கல் தீந்து பூடும்.”

“நான் கேஸு குடுக்க வந்தேன்ணா.”

லோகு சட்டென்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். உதவியாளனாகச் சேர்வதற்கு முன் வருஷக்கணக்கில் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று சொல்லிவிடுவான். இந்தப் பெண்ணின் முகம், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டவளின் முகமாக இருந்தது.

“பேரு சுகிர்தா மேடம்” என்றாள் அவள், உள்ளே உட்கார்ந்திருந்த செண்பகத்தைப் பார்த்து. “எங்க வாத்தியாரு ஒருத்தரைக் காணோம். கண்டுபுடிச்சிக் குடுக்கணும்.”

செண்பகம் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினாள். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. அவசரமே இல்லாத குரல். “அவரு பேரு இன்னா?”

“தெரியாது.”

“ஊரு?”

“அதுவும் தெரியாது மேடம்.”

“யாருன்னே தெரியாத ஆளு காணாம போனது மட்டும் எப்டிம்மா தெரிஞ்சுது?” என்றான் லோகு.

“அஞ்சு மாசம் எங்களுக்குப் பாடம் எடுத்தாருண்ணா. சாரைப் போயி யாராச்சும் பேரு கேப்பாங்களா? எதிர்ல சார். அந்தாண்ட போனா மண்டபம் சார். எதுக்கெடுத்தாலும் கல்யாண மண்டபத்தைத்தான் உதாரணம் சொல்லுவாரு.”

சுகிர்தா படிப்பது பக்கத்திலிருக்கும் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில், உற்பத்திப் பொறியியல், கடைசி வருஷம். அப்பா ஆசீர்வாதம் சிப்காட்டில் ரோலிங் மில் தொழிலாளி. அவளுக்கும் அங்கேயே ஒரு கம்பெனியில், திட்டமிடும் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. மிச்சமிருக்கும் கடைசி செமஸ்டரைக் கம்பெனியிலேயே பிராஜெக்டாக முடித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் ‘திட்டமிடல்’ என்ற பாடம் படித்திருக்கிறாள் என்பதற்காகவே எடுத்தார்களாம். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தப் பாடத்தின் மார்க் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு.

“மார்க்கை வாங்கினு போய்க் குடுக்க வேண்டியதுதானே?” என்றான் லோகு.

“அப்டி ஒரு பாடமே இல்லன்றாங்கண்ணா.”

செண்பகம் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“போன ஜூன்ல எல்லாப் பாடத்துக்கும் நம்பரை மாத்திட்டாங்க மேடம். பசங்க முன்கூட்டியே திட்டம் போட்டுப் படிக்கறதுக்கு வசதியாம். எங்க பாடம் 4174. நாலுன்னா நாலாவது வருசம். ஒண்ணுன்னா மொத செமஸ்டர். ஏழு, பாடம் எந்தப் பிரிவுன்றது. கடைசி நாலு, வாரத்துக்கு நாலு மணி நேரம்.”

“ஒரு நம்பர்ல இவ்ளோ சமாச்சாரமா! எங்க ஆட்டோ நம்பர்ல ஓட்றது யாருன்னு கூட போடல” என்றான் லோகு.

செண்பகம் கேட்ட கேள்வி வேறு. “மொத நாள் அந்த சாரு கிளாசுக்கு வந்தப்ப கையில இன்னா வச்சிருந்தாரு?”

சுகிர்தா யோசித்தாள். “ஒரு பை மேடம். ஆப்பிளு, வாழப்பழம், ஒரு ஸ்வீட் பாக்கெட்டு. மேசை மேல வச்சாரு. எங்களுக்குத்தான்னு நெனச்சிச் சாப்ட்டுட்டோம்.”

“அவ்ளோதானா?”

“மல்லிப்பூவும் இருந்துச்சு. அதை இன்னா பண்றதுன்னு முழிச்சாரு. அப்புறம் செவுத்துல இருந்த விஞ்ஞானி படத்துக்குப் போட்டுட்டு, கன்னத்துல போட்டுக்கினாரு. நாங்களும் போட்டுக்கினோம்.”

செண்பகத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. என்னவோ பிடிபட்டுவிட்டது என்று லோகுவுக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்ல மாட்டாள் என்பதும் தெரிந்தது. ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

சுகிர்தாவின் துறைத் தலைவர் சந்திரமோகன், சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவர் அறைக்கு வெளியே புதிய எண்களின் சுற்றறிக்கை கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. நான்கு பக்கம் முழுக்க நம்பர்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது கூட்ஸ் வண்டிப் பெட்டிகளில் பார்ப்போமே, அந்த மாதிரி.

“மேடம், 4174 என்று பாடமே கிடையாது” என்றார் அவர். “அது எடுத்துக்காட்டு.”

“இன்னாது?” என்றான் லோகு.

“எடுத்துக்காட்டு! புதிய எண்களை எப்படிப் படிப்பது என்று மாணவர்களுக்குப் புரிய வேண்டாமா? அதற்காக மேலே ஒரு எண்ணைப் போட்டு விளக்கியிருந்தேன். நானாகக் கற்பனை செய்த எண். திட்டமிடல் என்று பெயரும் நானே வைத்தேன். நிஜமான பாடங்கள் எல்லாம் கீழே இருக்கின்றன.”

“எங்களுக்கு அது ஒண்ணுதான் சார் புரிஞ்சுது” என்றாள் சுகிர்தா மெல்ல. “கீய இருந்ததுக்கெல்லாம் வெளக்கமே இல்ல. முப்பத்தெட்டுப் பேரு அதையே எடுத்துட்டோம்.”

சந்திரமோகன் அலுவலகத்துப் பக்கம் திரும்பினார். “கல்பனா! எடுத்துக்காட்டு எப்படி கம்ப்யூட்டருக்குள் போனது?”

கல்பனா தட்டச்சை நிறுத்தவில்லை. “சர்க்குலர்ல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் ஏத்தச் சொன்னீங்க சார். ஏத்தினேன்.”

“எடுத்துக்காட்டையுமா?”

“எல்லாத்தையும்னு சொன்னீங்களே சார். முப்பத்தெட்டுப் பேரு சேந்ததும் அதுவே ரூமும் நேரமும் போட்டுக் குடுத்துடுச்சு. இல்லாத பாடம்னு அதுக்கு யார் சொல்றது?”

சந்திரமோகன் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். “சரி, பாடம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நான் ஆசிரியர் யாரையும் அனுப்பவில்லையே. முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து மாதம் என் துறையில் வகுப்பு எடுத்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?”

“தெரிஞ்சுதா சார்?” என்றாள் செண்பகம்.

“இல்லை.”

சந்திரமோகன் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

“நடத்திய ஆசிரியர் இல்லாமல் நான் மார்க் போட முடியாது மேடம். இந்தப் பெண் அடுத்த பருவத்தில் வேறு பாடம் எடுத்துப் படிக்கட்டும். இல்லை, நீங்கள் அந்த மனிதரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள், பேசலாம்.” நிறுத்த முடியாது என்ற தைரியம் அவர் குரலில் இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோ, இரும்புக் கம்பி ஏற்றிய லாரிக்குப் பின்னால் நின்றது. செண்பகம் பின் சீட்டில் இருந்தபடியே சுகிர்தாவைக் கேட்டாள்.

“அந்த சாரு லீவு போடுவாரா?”

“ஐயோ, கேக்காதீங்க மேடம். ஆனி மாசக் கடைசில வந்து மூணு கிளாஸ் எடுத்தாரு. ஆடி பொறந்துச்சு, ஆளைக் காணோம். ஆவணில வந்தாரு. புரட்டாசி முழுக்க வரல. அப்புறம் வந்தாரு. இப்ப மார்கழி பொறந்துச்சு, மறுபடியும் காணோம்.”

“லோகு, இந்த மூணு மாசமும் ஊட்ல குந்திக்கிற ஆளு யாரு, சொல்லு.”

லோகு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “புரட்டாசின்னா கறிக்கடைக்காரரு.”

“யோவ், புரட்டாசில கறிக்கடைக்காரரு சும்மா கீறாரு. ஆனா ஆடில, கெடா வெட்டுற மாசத்துல, அவரு ஊட்ல குந்துவாரா?”

“அதுவும் நாயந்தான். அப்ப ஜவுளிக்கடை?”

“ஆடில ஜவுளிக்கடைக்காரனுக்கு மூச்சு வுட நேரம் இருக்குமா?”

லோகு யோசித்தான். ஆடி, புரட்டாசி, மார்கழி. அந்த மூன்று மாசமும் அவன் ஆட்டோவில் பட்டுப்புடவை ஏறாது, சீர்வரிசைத் தட்டு ஏறாது. “கல்யாணம்!” என்று கத்தினான். முன்னால் நின்ற லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். “யக்கா, ஆளு கல்யாண புரோக்கரு!”

“புரோக்கருன்னா எதுக்குய்யா ஆப்பிளும் பூவும் வாங்கினு வர்றான்? அவனுக்குத்தான் எல்லாரும் வாங்கித் தருவாங்க.” செண்பகம் சுகிர்தா பக்கம் திரும்பினாள். “கிளாஸ் ஆரம்பிக்கும்போது தெனமும் எதனா கேப்பாரா?”

“கேப்பாரு மேடம். ‘எல்லாரும் வந்தாச்சா, பொன்னேரிப் பக்கம் இருந்து வர்ற பொண்ணு யாராச்சும் பாக்கி கீதா’ன்னு வாசலையே பாப்பாரு. இல்ல சார்னு சொன்னா மூஞ்சி தொங்கிப் பூடும். அப்புறந்தான் பாடம்.”

“மண்டபத்தைப் பத்திச் சொல்லுவாருன்னியே, எந்த மண்டபம்?”

“பேரு சொல்லல. ஜெனரேட்டரைக் கொண்டாந்து சமையக்கட்டு ஜன்னலாண்ட வச்சிருப்பாங்களாம். பாயசத்துல டீசல் வாசன வருமாம். எடத்தைப் பாக்காம திட்டம் போட்டா இதான் கதின்னு வாராவாரம் சொல்லுவாரு.”

கேட் தூக்கினார்கள். லோகு கியரைப் போட்டான். பொன்னேரியில் டீசல் வாசனையோடு பாயசம் போடுகிற மண்டபம் ஒன்றுதான் இருக்கிறது. அவன் அதை மச்சான் கல்யாணத்தில் இரண்டு டம்ளர் குடித்திருக்கிறான்.

மார்கழியில் கல்யாண மண்டபம் என்றால், தேர்வு முடிந்த பள்ளிக்கூடம் மாதிரிதான். நாற்காலிகளை அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். பந்திக் கூடத்தின் பின்புறம் மட்டும் பேச்சுச் சத்தம் கேட்டது.

“இதை அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட தள்ளி வையின்னு எத்தினி தபா சொல்றது அன்புராஜ்? எம் புள்ள கல்யாணத்துல டீசல் பாயசம் ஊத்துவியா நீ?”

“மொதல்ல பொண்ணை முடிவு பண்ணு பெரியப்பா. மூணு தபா தேதி எடுத்து மூணு தபா உட்டுட்ட. நான் ஜெனரேட்டரை எதுக்குத் தள்றது?” என்றார் மண்டப மேனேஜர்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அறுபது வயதுக்காரர் ஒருவர் திரும்பினார். சுகிர்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஏம்மா! இன்னிக்கு கிளாஸ் கீதா இன்னா?”

“சார்!” என்று சுகிர்தா கைகட்டி நின்றுவிட்டாள். ஆள் யாரென்று இன்னும் தெரியாது. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே.

செண்பகம் முன்னால் வந்தாள். “புள்ளைக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கிளாஸ் எடுத்துட்டு வந்துட்டீங்களா பெரியவரே?”

மனிதர் அடுக்கியிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேர் சுப்பராயன். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் நிலம். மகன் வசந்தகுமாருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. பொன்னேரிப் பக்கமே, இந்தக் காலேஜில் நாலாவது வருஷம் படிக்கும் இளமதி என்று ஒரு பெண்ணின் ஜாதகம் பொருந்தி வந்தது. போட்டோ இன்னும் கைக்கு வரவில்லை. முறைப்படி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் பெண் எப்படி என்று காலேஜிலேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாராம்.

“கல்பனான்னு ஒரு பொண்ணு ஆபீஸ்ல இருந்துச்சு. நாலாவது வருசப் பொண்ணுங்க எங்கம்மான்னேன். சர்க்குலரைப் பாருங்கன்னு கை காட்டிச்சு. மேல ஒரு நம்பர் போட்டு, நாலாவது வருசம்னு ஒயுங்கா எயுதியிருந்துச்சு. மத்ததெல்லாம் எனக்கு இன்னா தெரியுது? அந்த ரூமைக் கேட்டுக்கினு போனேன்.”

“பழமெல்லாம்?” என்றான் லோகு.

“வெறுங்கையோட எப்டி நைனா போறது?” சுப்பராயன் குரல் தாழ்ந்தது. “ஓரமா குந்தி பாத்துட்டு வந்துரலாம்னுதான் போனேன். உள்ள கால் வச்சேன். அத்தினி புள்ளைங்களும் எழுந்து நின்னு குட் மார்னிங் சார்னாங்க. நான் இன்னா பண்ணுவேன்? இத்தினி வயசுல என்னைப் பாத்து ஒருத்தரும் அப்டி எழுந்து நின்னதில்லம்மா. எங்க ஊட்ல நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. பலகைல திட்டமிடல்னு எயுதியிருந்துச்சு. மூணு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணவன் நான். அதான் தெரியும், அதைச் சொன்னேன். புள்ளைங்க நோட்ல எயுதிக்கினாங்க! அப்புறம் எப்டி வராம இருப்பேன்?”

“ஆடில வரலியே சார்?” என்றாள் சுகிர்தா.

“ஆடில பொண்ணு பாக்கப் போவாங்களாம்மா?”

அவர் தன்னை இன்னமும் பெண் பார்க்கப் போகிறவராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். லோகு சிரிப்பை அடக்க மண்டபத்துக் கூரையைப் பார்த்தான்.

“ஒண்ணு மட்டும் மனசு ஆறல” என்றார் சுப்பராயன். “அந்த இளமதி ஒரு நாள் கூட கிளாசுக்கு வரல. நானும் வரும் வரும்னு பாத்தேன். காலேஜுக்கே போவாத பொண்ணு எப்டிக் குடும்பத்தைப் பாக்கும்? வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

சுகிர்தாவின் கண்கள் விரிந்தன. “இளமதியா? அவ எங்க காலேஜுலயே லீவு போடாதவ சார்! அவ சர்க்குலரை ஒயுங்காப் படிச்சி நெஜப் பாடத்தை எடுத்தா. பக்கத்து ரூமு. நம்ப சிரிக்கிற சத்தத்துல பாடம் கேக்கலன்னு ரெண்டு தபா கதவைத் தட்டினாளே, பச்சைத் துப்பட்டா!”

“அந்தப் பொண்ணா? வெளிய போன்னு நான் அதட்டி அனுப்பிட்டேனே!” சுப்பராயன் நாற்காலி அடுக்கின் மேலேயே உட்காரப் பார்த்தார். அன்புராஜ் தாங்கிப் பிடித்தார்.

திரும்பும்போது சுப்பராயனும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். லோகு ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தான். வாத்தியார் கிடைத்துவிட்டார், கிடைத்ததால் நிலைமை முன்னைவிட மோசம். காணாமல் போயிருந்தவரைக்கும் அவர் வாத்தியார். இப்போது அவர் நெல் பயிர் வைக்கிற ஒரு விவசாயி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா. பாடமும் டூப்பு, வாத்தியாரும் டூப்பு.

“யக்கா” என்றான் மெதுவாக. “இவரு சைன் போட்டா எவன் ஏத்துக்குவான்?”

“ரோட்டைப் பாத்து ஓட்டு” என்றாள் செண்பகம். லோகு ஹாரனை அடித்தான். பின்னால் சுகிர்தா ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பல்கலைக்கழக வாசலில் நான்கு பேர் ஏணி வைத்து ஃப்ளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேனர் முழுக்க கோட்டு போட்ட சந்திரமோகன். பின்னணியில் எதற்கோ ஒரு ராக்கெட்.

“‘சிறந்த ஆசிரியர் விருது பெற்ற எங்கள் துறைத் தலைவருக்கு வாழ்த்துகள்’” என்று லோகு வாய்விட்டுப் படித்தான். “ராக்கெட்டுக்கு இன்னா பாடம் எடுத்தாரோ!”

“வண்டியை நிறுத்து” என்றாள் செண்பகம். பேனரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வேகமாக உள்ளே நடந்தாள். அவள் அப்படி வேகமாக நடந்து லோகு பார்த்ததில்லை.

துறைத் தலைவரின் மேசையில் மாலையும் கேடயமும் இருந்தன. அறையில் பாதிப் பேர் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்பராயன் யார் என்று செண்பகம் ஒளிக்காமல் சொன்னதும் லட்டுகள் வாயருகே நின்றன.

“மாப்பிள்ளையின் அப்பாவா!” சந்திரமோகன் எழுந்தே விட்டார். “போலீசைக் கூப்பிட வேண்டிய விஷயம் மேடம் இது! மார்க்கா கேட்கிறீர்கள்? 4174 என்ற பாடம் இல்லை, இருந்ததில்லை, இருக்கப்போவதும் இல்லை!”

“ரொம்பச் சரி சார். வாழ்த்துகள். இந்த விருதை யாரு குடுத்தாங்க?”

அவர் கொஞ்சம் குளிர்ந்தார். “மாணவர்கள்தான். பருவம் முடிந்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் அவர்கள் மதிப்பீடு போடுவார்கள். பல்கலைக்கழகம் முழுவதிலும் எந்தப் பாடத்துக்கு அதிகமோ, அதை நடத்தியவருக்கு விருது. எனக்கு நூற்றுக்கு நூறு.”

“உங்களோட எந்தப் பாடத்துக்கு சார்?”

சந்திரமோகன் வாயைத் திறந்தார். மூடினார். கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார். “கல்பனா?”

“4174 சார்” என்றாள் கல்பனா, லட்டை மென்றபடி. “வாத்தியார் பேரு போடாம கம்ப்யூட்டர் உள்ள வுடல. காலியா வுடக்கூடாதுன்னு உங்க பேரைப் போட்டேன்.”

துறைத் தலைவர் மெல்ல உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டைக்குள் மனிதர் ஒரு சுற்று இளைத்துவிட்ட மாதிரி இருந்தது. “பசங்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டேனே” என்றார், யாரிடமும் இல்லாமல்.

லோகுவுக்கே பாவமாகப் போய்விட்டது. சுப்பராயன்தான் கிட்டே போய் அவர் தோளைத் தட்டினார். “உடுங்க சார். பேரு உங்குளுது, வாய் என்னுது. நமக்குள்ள இன்னா?”

“பாடம் இல்லன்னா விருதும் இல்ல சார்” என்றாள் செண்பகம் இதமாக. “பேனரைக் கழட்டச் சொல்லட்டுமா, கட்டச் சொல்லட்டுமா? ஏணி வாடகைக்கு வந்திருக்குது போல.”

அவர் பதில் சொல்வதற்குள் மேசையில் இருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார். சுகிர்தாவின் கம்பெனி. பேசியவர் ஸ்டீவன், திட்டமிடும் பிரிவின் மேலாளர்.

“சார், 4174 பத்தி ஒரு சந்தேகம். உங்க வெப்சைட்டுல அது எடுத்துக்காட்டுன்னு போட்டிருக்கு. நெஜமாவே அப்படி ஒரு பாடம் இருக்கா?”

சுகிர்தா துப்பட்டா நுனியை முறுக்கினாள். சந்திரமோகன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வாசலில் அவருடைய முகம் ஒரு கயிற்றில் கோணலாக ஆடிக்கொண்டிருந்தது.

“இருக்கிறது” என்றார். “நான்தான் நடத்துகிறேன்.”

“நல்லது சார். அதுல என்ன சொல்லித் தர்றீங்க?”

அறை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. ஆனால் இருபது வருஷம் வகுப்பறையில் நின்ற மனிதர் அல்லவா? பதில் தெரியாத கேள்வியை என்ன செய்வது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “அதை என் மாணவியே சொல்லட்டும். பக்கத்தில்தான் இருக்கிறாள்.”

சுகிர்தா போனருகே வந்தாள்.

“அப்படியாம்மா? சரி, எங்க கம்பெனில வருஷத்துக்கு ஒரு வாரம் மிஷின் எல்லாத்தையும் நிறுத்தி ரிப்பேர் பாப்போம். வெளியாளுங்க நெறைய வருவாங்க. நீ எப்படித் திட்டம் போடுவே?”

சுகிர்தா ஒரு கணம் சுப்பராயனைப் பார்த்தாள். அவர் மண்டபத்து வாசலில் நிற்கிற சம்பந்தி மாதிரி இரண்டு கையையும் விரித்து, சொல்லு சொல்லு என்றார்.

“மாத்த முடியாத நேரம் எதுன்னு மொதல்ல புடிக்கணும் சார். முகூர்... மிஷின் திரும்ப ஓட வேண்டிய நேரம். அதுல இருந்து பின்னால எண்ணிக்கினு வரணும். எது முடிஞ்சா எது ஆரம்பிக்கலாம்னு பாக்கணும். எடத்தை நேர்ல போய்ப் பாக்கணும். எதைக் கொண்டாந்து எங்க வைக்கிறாங்கன்னு. அப்புறம் முக்கியமா, சாப்பாடு. யாரு எத்தினி பேரு, எந்த நேரத்துக்குப் பந்தின்னு.”

“சாப்பாடா?”

“ஆமா சார். வந்தவங்க பசியோட திரும்பிப் போனா மத்ததெல்லாம் நல்லா நடந்தும் பிரயோஜனம் இல்ல.”

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மனிதர் எழுந்து போய்விட்டாரோ என்று லோகு எட்டிப் பார்த்தான்.

“போன வருஷம் முந்நூறு பேரை வரவழைச்சோம்” என்றது ஸ்டீவனின் குரல், வேறு மாதிரி. “எல்லாத்துக்கும் சார்ட் போட்டோம். சாப்பாடு சொல்ல மறந்துட்டோம். மத்தியானமே பாதிப் பேர் கெளம்பிட்டாங்க. சார், அந்த மார்க்கை அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. பொண்ணை திங்கக்கிழமை ஜெனரல் ஷிப்டுக்கு வரச் சொல்லுங்க.”

சந்திரமோகன் பேனாவைத் திறந்தார். “டெஸ்ட் ஏதாவது வைத்தீர்களா?” என்றார் சுப்பராயனிடம், தாழ்ந்த குரலில்.

“வாராவாரம். வாயாலயே.”

“இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு?”

“சாப்பாட்டை மறக்காத பொண்ணு சார். முழுசாப் போடுங்க.” பிறகு சுப்பராயன் குரலை இன்னும் இறக்கினார். “அந்தப் பச்சைத் துப்பட்டா எந்த ரூம்ல குந்தும்? ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்.”

கல்பனா மற்ற முப்பத்தேழு பேரின் மார்க்கையும் அவரைக் கேட்டுக் கேட்டு ஏற்றத் தொடங்கினாள். வாசலில் பேனர் நேராக நிமிர்ந்தது.

சுகிர்தா வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டாள். ஆசீர்வாதம் மில்லுக்குள் இருந்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பி உருளும் சத்தம் போனிலிருந்து வராந்தா முழுக்கக் கொட்டியது.

“நைனா! வேலை உறுதியாயிடுச்சு! திங்கக்கிழமை!”

“இன்னாது? கேக்கல!”

“திங்கக்கிழமை நைனா! நீயும் நானும் ஒரே சிப்காட் பஸ்ஸு!”

அப்புறம் ஆசீர்வாதம் கத்தியது லட்டு தின்றுகொண்டிருந்தவர்கள், லோகு, செண்பகம், பக்கத்து வகுப்பு, எல்லாருக்கும் கேட்டது.

“ஜன்னல் சீட்டு என்னுது! இப்பவே சொல்லிட்டேன்!”